‘ஹன்னிபல்’ நாவலும் பிளவுண்ட வாசகரும்

துப்பறியும் நாவல்களையும் திகில் நாவல்களையும் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பொழுதுபோக்குக்கென எழுதப்படும் நூலில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்பதே இவ்வொதுக்கலுக்கு அடிப்படையான எண்ணமாகும். ஆயின், பெருந்தொகையானோர் வாசித்த நூலொன்று அவர்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாராரைச் சினங்கொள்ளவும் மறு சாராரைக் கொண்டாடவும் செய்யுமாயின், அது சமூகவியல் நோக்குடைய திறனாய்வு புறக்கணிக்கத்தக்க நிகழ்வன்று. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த அமெரிக்க எழுத்தாளர் தோமஸ் ஹாரிஸின் ‘ஹன்னிபல்’ அத்தகையதொரு நாவலாகும்.

மனிதரைக் கொன்று தின்னும் மனநோய் மருத்துவனாகிய ஹன்னிபல் லெக்டர் என்னும் தொடர்கொலையாளியை ஹாரிஸ் 1981இல் வெளிவந்த ‘ரெட் டிராகன்’ நாவலிலே முதன்முதலாக அறிமுகஞ் செய்தார். அங்கு அவன் துணைப்பாத்திரமே. 1988இல் வெளிவந்த ‘தி சைலன்ஸ் ஒவ் த லாம்ப்ஸ்’ நாவலிலேதான் அவன் வாசகர் மனத்தில் நிலைபெற்றான். 1991இல் ஜொனதன் டெமி அந்நாவலைத் திரைப்படமாக்கினார். சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய ஐந்து ஒஸ்கார் விருதுகளும் அப்படத்துக்குக் கிடைத்தன. இவ்வாறு பதினொரு ஆண்டுகள் வளர்ந்த எதிர்பார்ப்பின் மத்தியிலேயே தொடர்ச்சி நாவல் வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வாசகரைப் பிளவுபடுத்தியது நாவலின் முடிவாகும். முன்னைய நாவலிலே பயிற்சி நிலைப் புலனாய்வாளராக வந்த கிளாரிஸ் ஸ்டார்லிங், ஏழாண்டுகளின் பின் மேலதிகாரிகளாற் புறக்கணிக்கப்பட்டவளாய்க் காட்டப்படுகிறாள். லெக்டரால் உருச்சிதைக்கப்பட்ட கோடீசுவரன் மேசன் வேர்ஜர், அவனைப் பன்றிகளுக்கு இரையாக்கிப் பழிதீர்க்கத் திட்டமிடுகிறான். நீதித்திணைக்கள அதிகாரி கிரெண்ட்லர் அவனிடம் விலைபோகிறான். லெக்டரை ஸ்டார்லிங் காப்பாற்றுகிறாள். அதன்பின் லெக்டர் போதை மருந்தாலும் மனவசியத்தாலும் அவளைத் தன்வயமாக்குகிறான். இருவரும் கிரெண்ட்லரின் மூளையை உணவாகக் கொள்கின்றனர். ஈற்றில் அவர்கள் காதலராய் புவெனஸ் அயர்ஸ் நகரின் இசைநாடக அரங்கிலே காணப்படுகின்றனர்.

இம்முடிவைக் கண்டு சினந்தோர், ஸ்டார்லிங்குக்கு ஆசிரியர் துரோகமிழைத்துவிட்டார் என்றனர். வரவேற்றோரோ, வாசகர் விரும்பியதைக் கொடுக்க மறுத்த துணிவை அதிற் கண்டனர். பெயர்பெற்ற எழுத்தாளரிடையேயும் இப்பிளவு வெளிப்பட்டது. ஸ்டீவன் கிங் ‘நியூ யோர்க் டைம்ஸ்’ இதழில் நாவலைப் பெரிதும் பாராட்டினார். ஹாரிஸின் முன்னைய நாவல்களை மதித்த ஆங்கில எழுத்தாளர் மார்ட்டின் ஏமிஸ் இதனை மிகக் கடுமையாகத் தாக்கினார். முன்னைய படத்தில் ஸ்டார்லிங்காக நடித்த ஜோடி பொஸ்டரும் இயக்குநர் டெமியும் தொடர்ச்சிப் படத்திற் பங்குகொள்ளவில்லை.

பாத்திரமொன்றின் பொருட்டு வாசகர் ஆசிரியரை எதிர்த்தெழுதல் புதியதன்று. 1893இல் ஆர்தர் கொனன் டொயில் ஷேர்லொக் ஹோம்ஸை மாளவைத்தபோது வாசகர் எதிர்ப்புத் தெரிவித்ததும், பின்னர் அவர் அப்பாத்திரத்தை மீட்டுக் கொணர்ந்ததும் யாவரும் அறிந்தவையே. ஆயின் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. ஹோம்ஸின் வாசகர் இழந்த நாயகனைத் திருப்பித் தருமாறு கேட்டனர். ‘ஹன்னிபல்’ வாசகருக்கோ நாயகி உயிருடன் இருக்கிறாள். அவள் அவளாக இல்லை என்பதே அவர்தம் முறைப்பாடு. எனவே இதனை வெறும் பாத்திரப் பற்று எனக் கொள்ளாது, அப்பாத்திரம் எதனைப் பிரதிநிதித்துவப்படுத்திற்று என வினவுதல் வேண்டும்.

ஸ்டார்லிங் மேற்கு வேர்ஜினியாவின் வறிய வெள்ளையர் மத்தியிலிருந்து வந்தவள். இரவுக் காவற் கடமையிலிருந்த தந்தை கள்வராற் சுடப்பட்டு இறக்க, அநாதையாய் வளர்ந்தவள். முதற் சந்திப்பிலேயே லெக்டர் அவளுடைய மலிவான பாதணியையும் மறைக்க முயலும் நாட்டுப்புறப் பேச்சையும் சுட்டி அவளது வர்க்கத்தை இகழ்கிறான். அவ்விகழ்ச்சியைத் தாங்கிக்கொண்டு அவள் தன் வேலையைச் செய்கிறாள் என்பதே அந்நாவலின் உயிர்நாடி. லெக்டர் குறிப்புகளைத் தருகிறான் என்பது உண்மையே. ஆனால் முதலாவதாகக் கொல்லப்பட்ட பெண்ணின் ஒஹாயோ வீட்டுக்குச் சென்று, அவள் தைத்த ஆடையின் வெட்டிலிருந்து கொலைஞனின் நோக்கத்தை உய்த்துணர்பவள் ஸ்டார்லிங்கே. மேலதிகாரிகள் பெரும்படையுடன் பிழையான வீட்டை முற்றுகையிட, உழைக்கும் பெண்களின் அன்றாட வாழ்வை அறிந்த ஒருத்தி உண்மையைக் கண்டடைகிறாள். பெண்களும் எளிய குடும்பத்தாரும் இப்பாத்திரத்தைத் தம்முடையதாகக் கருதியமைக்குக் காரணம் இதுவே.

தொடர்ச்சி நாவலைக் கொண்டாடியோரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. உழைப்பும் நேர்மையும் உள்ளவரை அரச நிறுவனம் உயர்த்தும் என்னும் நம்பிக்கையை ‘ஹன்னிபல்’ தகர்க்கின்றது. இறைச்சி வாணிபத்தாற் செல்வம் குவித்த குடும்பத்தின் வாரிசு, நீதித்திணைக்கள அதிகாரியை விலைக்கு வாங்குகிறான். புளோரன்சிலே பொலிஸ் அதிகாரி பாத்சி, சட்டத்தின் கையில் ஒப்படைக்க வேண்டிய குற்றவாளியைப் பணத்துக்காக மேசனுக்கு விற்க முனைகிறான். தனியொரு கொலைஞனைவிடப் பணத்தின் ஆட்சி கொடியது என்னும் இக்காட்சி முன்னைய நாவலில் இல்லாதது. அவ்வளவில் தொடர்ச்சி நாவல் யதார்த்தத்தை நோக்கி ஓரடி முன்வைத்துள்ளது எனலாம்.

ஆயின் நோயைக் கண்டறிந்த ஆசிரியர் மருந்தாகத் தருவது யாது? இவ்விடத்தேதான் நாவல் தடம்புரள்கின்றது. முன்னைய நாவலில் லெக்டர் தன் தீமைக்குக் காரணங் கற்பிப்போரை எள்ளி நகையாடினான். இப்போதோ அவனுக்கு லித்துவேனியப் பிரபுகுலப் பிறப்பும், 1944ஆம் ஆண்டின் போர்க்காலத்திலே பசித்த படைவீரருக்கு இரையான தங்கையின் நினைவும் வழங்கப்படுகின்றன. தாந்தே பற்றி அறிஞரவையில் விரிவுரையாற்றுகிறான். உயர்ந்த மதுவையும் இசையையும் தேர்ந்து நுகர்கிறான். அவனுக்கு எதிரே நிறுத்தப்படும் மேசன், குழந்தைகளை வதைக்கும் கொடியவன். கிரெண்ட்லர் பண்பற்ற கயவன். எதிரிகள் இழிந்தோராக ஆக, கொலைஞன் உயர்ந்தோனாகின்றான். நன்மை தீமை என்னும் அளவுகோல் அகற்றப்பட்டு, சுவையுடைமை, சுவையின்மை என்பது அதனிடத்தில் வைக்கப்படுகின்றது. பிரபுகுலத்தின் இரசனையே அறமாகிவிடும் இம்மாற்றத்தை நாவலின் கருத்துநிலை என நாம் இனங்காணல் வேண்டும்.

ஸ்டார்லிங்கின் முடிவும் இதனின்று விளைவதே. அவளை நிறுவனம் கைவிட்டது என்பது சமூகப் பிரச்சினை. அதற்கு விடையாக நாவல் தருவது பட்டாடையும் விருந்தும் இசையரங்கும் ஆகும். மலிவான பாதணிக்காக இகழப்பட்டவள், இகழ்ந்தவனின் இரசனைக்குள் ஏற்றுக்கொள்ளப்படுதலே விடுதலையெனக் காட்டப்படுகின்றது. மருந்தின் வலிமை நெடுங்காலத்துக்கு முன்பே நீங்கிவிட்டது என நாவல் கூறுவதை எடுத்துக்காட்டி, இது அவளது சுதந்திரமான தேர்வே என வாதிடுவோர் உளர். ஆனால் தந்தையின் எலும்புகளை அவள்முன் வைத்து, அவளது துயரத்தின் வேரையே லெக்டர் அறுத்த பின்னர் எஞ்சியிருப்பவள் எந்த ஸ்டார்லிங் என்னும் வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை. தேர்ந்தெடுக்கும் மனமே பிறரால் ஆக்கப்பட்டதாயின், தேர்வு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை.

நாவலின் தொடக்கமும் இங்கு நினைவுகூரற்பாலது. வாஷிங்டனின் மீன்சந்தையொன்றில், கைக்குழந்தையை ஏந்தியவாறு சுடும் கறுப்பினப் பெண்ணை ஸ்டார்லிங் சுட்டுக்கொல்ல நேர்கின்றது. போதைவஸ்து வாணிபம், இனம், வறுமை, தாய்மை, அரச வன்முறை யாவும் சந்திக்கும் களம் அது. ஸ்டார்லிங்கின் வீழ்ச்சிக்கு உடனடிக் காரணமாகப் பயன்பட்ட பின்னர் அம்மரணம் பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. அதனூடே சமூகத்தை விசாரிக்க வாய்ப்பிருந்தும் ஆசிரியர் மாளிகைகளை நோக்கித் திரும்பிவிட்டார்.

2001இல் ரிட்லி ஸ்கொட் இயக்கிய திரைப்படம் முடிவை மாற்றிற்று. ஜூலியன் மூர் நடித்த ஸ்டார்லிங் லெக்டருக்கு இணங்க மறுக்கிறாள். அவனைத் தன்னோடு சேர்த்து விலங்கிடுகிறாள். அவன் தன் கையையே வெட்டிக்கொண்டு தப்புகிறான். சினந்த வாசகருக்கு இது ஆறுதலளித்திருக்கலாம். ஆயினும் அவளை வஞ்சித்த நிறுவனத்தின் கடமையுணர்வுள்ள ஊழியையாகவே படம் அவளை விட்டுச்செல்கின்றது. நாவல் அவளைக் கொலைஞனிடம் ஒப்படைத்தது. படம் அவளைத் திணைக்களத்திடம் திருப்பியனுப்பிற்று. அவ்விரண்டுக்கும் புறம்பான வாழ்வொன்றை, அவள் பிறந்த மக்கள் மத்தியிலோ வேறெங்கோ, இரு ஆக்கங்களும் கற்பனை செய்யவில்லை.

இதனால் இருசாராரும் பாதியுண்மையையே பற்றிநின்றனர் என்பது புலனாகும். கொண்டாடியோர் நிறுவனத்தின் சீரழிவைச் சரியாகக் கண்டனர். ஆனால் சீரழிவினின்று சுகபோகத்துக்குத் தப்பியோடுதலைக் கலகம் என மயங்கினர். சினந்தோரிற் பலர் நிறுவனத்தின்மீதான பழைய நம்பிக்கையை மீட்டுத்தரவே விரும்பினர். எனினும் தம் வர்க்கத்துப் பெண்ணின் உழைப்பும் அறிவும் பறிக்கப்பட்டன என்னும் அவர்தம் உணர்வு உண்மையானது. அவ்வுணர்வைச் சுவையறியாதோரின் முறைப்பாடென இகழும் திறனாய்வாளர், அறியாமலே லெக்டரின் அளவுகோலைக் கையிலெடுப்பவராகின்றனர். சாதாரண வாசகரின் சினம் பலவேளைகளில் முறைப்படுத்தப்படாத திறனாய்வேயாகும். அதனை முறைப்படுத்தி அதன் காரணங்களை விளக்குதல் முற்போக்குத் திறனாய்வின் கடமையாகும்.