ஆச்சி சிரிக்காத காட்சி

போன பொங்கலுக்குத் திருவேங்கடத்தில் உறவினர் வீட்டு டி.வி.யில் 'தமிழ்ப் படம்' ஓடியது. சி.எஸ்.அமுதன் இயக்கி 2010-ல் வந்தது. விஜய் டி.வி.யின் 'லொள்ளு சபா' துண்டு துண்டாகச் செய்த குறும்பை முழுநீளத்துக்கு இழுத்த படம்.

கதை பேருக்குத்தான். நாயகன் சிவாவின் இளவட்ட நண்பர்களாக எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி! பாத்திரங்களின் பெயர் நகுல், சித்தார்த், பரத். நம் ஹீரோக்களின் வயதைப் பற்றிப் பத்து விமர்சனம் எழுதினாலும் இந்த ஒரு தேர்வுக்கு ஈடாகாது. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கலாய்ப்பான். அந்த உரிமையை இந்தப் படம் தைரியமாக எடுத்துக்கொண்டது.

ஆனால், ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. சினிமாப்பட்டி கிராமத்தில் ஆண் சிசுவைக் கொல்லப் பார்க்கிறார்கள். பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வை (1994) தலைகீழாக்கிய கிண்டல். வீடே சிரித்தது.

ஆச்சி மட்டும், "ஏய்யா, இதெல்லாம் சிரிக்கிற காரியமா?" என்று எழுந்து போய்விட்டார்.

பஞ்ச் டயலாக்கைக் கேலி செய்தால் அடி சினிமாவோடு நின்றுவிடும். 'கருத்தம்மா' நிஜத்தைப் பார்த்து எடுத்த படம். இவர்கள் படத்தை மட்டும் பார்த்தார்கள். ஆச்சிக்கு நிஜம் தெரிந்தது.

மீதிப் படத்துக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆச்சிக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.