ஏழு பெண் ஃபைட்டர்கள்

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி. உள்ளே ஏழு ஃபைட்டர் மீன்கள், ஏழும் பெண். “சண்டை போடாதா?” என்றுதான் வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் துடுப்பு கிழியும், உயிரும் போகலாம். பெண்களும் சாதுக்கள் அல்ல. ஆனால் இடமும் மறைவும் இருந்தால், யார் பெரியவள் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு அடங்கிவிடும்.

கொளத்தூரில் ஒரே ஈட்டுக் குஞ்சுகளாகப் பார்த்து வாங்கி, ஏழையும் ஒரே நேரத்தில் விட்டேன். முன்னால் போனது இடம் பிடித்துவிட்டால் பின்னால் வருவதை விரட்டும். நீலக்காரி செவுளை விரித்து நெருங்கினால், சின்னவள் உடம்பில் நீளவாக்கில் கருங்கோடு எழும். பயத்தின் கோடு அது. செடிக்குள் புகுந்ததும் மெல்ல மங்கும். நாள் முழுக்க மங்காமல் நின்றால் அந்த மீனைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஆசைக்காக விட்டுவைப்பது பாவம்.

தாய்லாந்து 2019-இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது. அந்த வெப்ப நாட்டு மீனுக்குச் சென்னை வெயிலில் ஹீட்டர் வேண்டாம். தெருவில் உதிரும் நாட்டு வாதுமைச் சருகைக் கழுவிப் போடுகிறேன். இரண்டு நாளில் தண்ணீர் இளந்தேநீர் நிறமாகும். அந்த நிறத்தினூடே சிவப்பு ஒன்று மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுச் சருகுக்கடியில் இறங்குகிறது.