ஒரு தேக்கரண்டி சர்க்கரை

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அத்தனை ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி, அவ்வளவே. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் கேட்கும். கணக்குப் போட்டால் இந்தக் கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குத்தான் காணும். ஆனால் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலை ஆறு மணிக்குத் தெளிவாக எழுந்து உட்காருகிறார். இடையில் ஒரு வாய்ச் சோறு உள்ளே போகவில்லை. அப்போது பரிசோதித்தாலும் அதே ஒரு தேக்கரண்டி!

இதை நடத்துவது கல்லீரல். அதில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம் சேமிப்பு உண்டு. 1857இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார். அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு புரதம். அதிலிருந்து குளுக்கோஸ் சங்கிலிகள். பத்துக் கண்ணிக்கு ஒன்றாகக் கிளை, அந்தக் கிளையிலும் கிளை. எதற்கு இத்தனை? குளுக்கோஸைக் கழற்றும் நொதி சங்கிலியின் முனையில்தான் வேலை செய்யும். புளியமரத்தில் ஒருவர் ஏறி உலுக்குவதற்கும் கிளைக்கு ஒருவராக ஏறி உலுக்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் வந்து சேர்ந்ததும் எல்லா முனைகளிலும் ஒரே சமயத்தில் வேலை தொடங்கிவிடுகிறது.

தசைகளில் இதைவிட அதிகம், சுமார் 400 கிராம் இருக்கிறது. ஆனால் தசை அதைக் குளுக்கோஸாக வெளியே விடாது. அதற்கான கடைசி நொதி அதனிடம் இல்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கடுமையாக உழைக்கும் தசை அதை உடைத்து, லாக்டேட் என்ற பொருளாக ரத்தத்தில் விடுகிறது. கல்லீரல் அதை வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்தச் சுழற்சிக்கு, அதைக் கண்டறிந்த கோரி தம்பதியின் பெயரே நிலைத்துவிட்டது. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபலைப் பெற்ற முதல் பெண் கெர்ட்டி கோரி.

இந்த ஏற்பாடு சீராக நடக்க நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து சொல்லும்வரை காத்திருப்பதில்லை. செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் குளுக்கோஸ் வாயில்களைத் தானே மேற்பரப்புக்குக் கொண்டுவந்து திறந்துவிடுகிறது. வயதாக ஆகத் தசை கரையும். அதனால் வாரத்தில் சில நாளாவது கொஞ்சம் பளு தூக்குவதும், போதிய பருப்பு, முட்டை, மீன் சாப்பிடுவதும் அந்தச் சேமிப்பிடத்தைக் காக்கும். இரவைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம்.

இன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். தெருமுனை வரைக்குமாவது மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள்.