கைதட்டும் உரிமை யாருக்கு?

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் இந்தியா 12 ரன்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 'விளையாட்டு வென்றது', 'சென்னை ரசிகர்கள் விஷயம் தெரிஞ்சவங்க' என்பதாக அன்று உருவான சொல்லாடல் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நானும் கிரிக்கெட் பைத்தியம்தான் என்பதால் இதைக் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்தது 12 ஆண்டுகளுக்குப் பிறகு. வருவதற்கு முன்பே சிவசேனைக்காரர்கள் டெல்லி கோட்லாவின் பிட்ச்சைக் கொத்திப்போட்டார்கள். முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. 271 எடுத்தால் வெற்றி. 82க்கு 5 விக்கெட் போய், சச்சின் 136 அடித்து, 17 ரன்களே பாக்கியிருக்கையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் அவுட்டானார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் விழுந்தன. அதன் பிறகே அந்தக் கைதட்டல்.

அடுத்த மாதமே கொல்கத்தாவில் சோயப் அக்தர் மீது மோதி சச்சின் ரன் அவுட்டாக, கூட்டம் கையில் கிடைத்ததை வீசியது. கடைசி நாளில் ரசிகர்களை வெளியேற்றி, காலி அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். உடனே 'சென்னை என்றால் பண்பாடு, கொல்கத்தா என்றால் கலவரம்' என்று ஓர் எதிர்வு கட்டமைக்கப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 'விஷயம் தெரிஞ்சவங்க' என்பது டிக்கெட் வாங்க வக்குள்ளவர்கள் தமக்குத் தாமே தந்துகொண்ட பட்டம். அந்தப் பெருமிதத்துக்குள்ளும் ஒரு 'நாம்' இருக்கிறது. தோற்கடித்தவனை மன்னிக்கும் பெருந்தன்மையும் அதிகாரத்தின் ஒரு வடிவம்தான்.

அதற்காக அந்தக் கைதட்டலைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சக்லைனின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று நாலு நாள் உற்றுப்பார்த்த கண்ணுக்கு அவர் வெறும் 'எதிரி'யாக மிஞ்சுவதில்லை. டெஸ்ட் ஆட்டத்தின் மெதுவான காலம் தேசத்தைக் கொஞ்ச நேரம் மறக்கவைக்கிறது. இதை நான் நம்புகிறேன்.

ஆனால் மறப்பதற்கான அனுமதி எல்லோருக்கும் உண்டா? ஒரு முஸ்லிம் தோழர் கேட்டார்: "நீங்க தட்டுனா ரசனைம்பாங்க தோழர், நான் தட்டுனா?" 1990இல் பிரிட்டனின் நார்மன் டெபிட், குடியேறியவர்கள் எந்த அணிக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்பதை விசுவாசத்தின் அளவுகோலாக்கினார். இங்கே இந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கும் அந்தப் பரீட்சை உண்டு. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தான் வென்றபோது வாட்ஸ்அப்பில் மகிழ்ச்சி தெரிவித்ததாக ஆக்ராவில் மூன்று காஷ்மீரி மாணவர்களைக் கைது செய்து தேசத்துரோகப் பிரிவையும் சேர்த்தார்கள். ஜாமீன் கிடைக்க 2022 மார்ச் ஆயிற்று. அதே தோல்விக்காக, இந்தியாவுக்கு ஆடிய முகமது ஷமியைச் சமூக ஊடகங்களில் ஏசினார்கள்.

2007க்குப் பிறகு இரு நாடுகளும் டெஸ்ட் ஆடவில்லை. ஆடாத ஆட்டத்துக்குப் பதில் சேப்பாக்கத்தின் நினைவை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறோம். அன்று எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்பதல்ல இப்போது முக்கியம். அந்த அரங்கில் எழுந்து நிற்கப் பயந்து உட்கார்ந்தே இருந்தவன் ஒருவனாவது இருந்திருந்தால், அவனை விட்டுவிட்டு நம் பண்பாட்டை எப்படி எழுதுவது?