ஜித்தாவில் இரண்டு இரவுகள்

ரெஸ்லிங்கில் யார் வெல்வார் என்பது மணி அடிக்கும் முன்பே முடிவாகிவிடும். ஆகவே ஒரு வீரரை எடைபோட வெற்றிக் கணக்கு உதவாது. கூடியிருக்கும் சனத்தை அவர் எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்பதே அளவுகோல். தொலைக்காட்சியில் கமெரா பல குறைகளை மறைத்துவிடும். நேரில் எதையும் மறைக்க முடியாது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ரசிகர்களுக்கு நேரில் பார்ப்பது என்றால் வளைகுடாதான் வழி. தொழிலுக்குப் போன பிள்ளைகள் அங்கே நிறைய. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் இறங்கும் ஜித்தாவில், 2018 ஏப்ரல் 27 அன்று 50 பேர் மோதிய றோயல் ரம்பிளுடன் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் பெரிய நிகழ்ச்சிகள் சவூதியில் தொடங்கின.

உருவத்தால் ஈர்ப்பவர்கள் ஒரு வகை. 1950களில் தாரா சிங்கின் எதிராளியாக நின்ற கிங்கொங் அப்படி. 2007 ஜூலையில் உலகப் பட்டம் வென்ற ஏழடி தாண்டிய கிரேட் காளியும் அப்படியே. அந்த உயரத்தைத் திரையில் உணர முடியாது. ஆனால் வியப்பு அடங்கியதும் காளியின் மந்தமான நடை அலுப்புத் தட்டும்.

2020இல் ஓய்வுபெறும் வரை பெயருக்காகவே கூட்டம் சேர்த்தவர் அண்டர்டேக்கர். விளக்குகள் அணைந்து மணியோசை எழ, அவர் மெதுவாக நடந்துவந்த அந்த நிமிடங்களுக்கு ஈடு ரெஸ்லிங்கில் வேறில்லை. 2019 ஜூன் 7 அன்று ஜித்தாவில் 54 வயதில் அவரும் 52 வயதில் கோல்ட்பேர்க்கும் முதன்முறையாக மோதினர். மூலைத் தூணில் மோதிய கோல்ட்பேர்க்குக்குத் தலை கலங்கிப்போனது. பின்பு அவர் தூக்கிய தூக்கில் அண்டர்டேக்கர் தலைகுத்தாக விழப் பார்த்தார். பத்து நிமிடம்கூட நீடிக்காத அந்தச் சண்டையில் ரசிகர்களுக்கு மிஞ்சியது பயம்தான். வருகைக்கு முழுப் புள்ளி. சண்டைக்குப் புள்ளியே இல்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 2023 மே 27 அன்று, அதே நகரில் மேடையேறினார் ஸாமி ஸெய்ன். சிரிய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில், 1984இல் கனடாவில் பிறந்தவர். சவூதியின் பெரிய நிகழ்ச்சிகளில் அதுவரை இடம்பெறாதவர். அறிவிப்பாளரின் ஒலிவாங்கியை வாங்கி, தன்னையும் கூட்டாளி கெவின் ஓவன்ஸையும் அரபு மொழியில் அவரே அறிமுகம் செய்தபோது அரங்கு அதிர்ந்தது. ரோமன் ரெயின்ஸ், ஸோலோ ஸிகோவா இணைக்கு எதிராகத் தங்கள் இணையர் பட்டத்தையும் தக்கவைத்தனர்.

ஸெய்னின் திறமை அடிப்பதை விட அடிவாங்குவதில் தெரியும். விழுந்ததும் உடனே எழமாட்டார். கயிற்றைப் பற்றி, முழங்காலில் நின்று, கூட்டத்தின் குரல் ஏறும்வரை பொறுப்பார். பிறகுதான் மூலைக்கு ஓடிவந்து முகத்தில் அந்த உதை. அன்றும் ஸிகோவா அதில்தான் வீழ்ந்தார். கல்யாண வீட்டில் சீனடி, சிலம்படி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும்: வீச்சுக்கு முந்திய நிதானத்தில்தான் சுற்றி நிற்பவர்கள் மூச்சடக்குவார்கள்.

2024 மே 25 அன்று ஜித்தாவில் சாட் கேபிளையும் பிரொன்சன் ரீடையும் ஒரே போட்டியில் சமாளித்து, இன்டர்கொன்டினென்டல் பட்டத்தையும் ஸெய்ன் காத்துக்கொண்டார். ஒரே ஒரு நுழைவுச்சீட்டு வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், அதை ஸாமி ஸெய்ன் மோதும் இரவுக்கு வாங்குங்கள்.