ஒட்டாத சுவர்

குலு-மணாலி போகிறவர்கள் பனியில் உருண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, சால்வைக்குப் பேரம் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை போனால் மணாலிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் முன்னால் நக்கரில் இறங்குங்கள். குலு ராஜாக்களின் பழைய தலைநகரம். அவர்கள் கோட்டை இருக்கிறது. கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் என்று கற்பனை பண்ணாதீர்கள். பெரிய வீடு, அவ்வளவுதான். ஆனால் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

ஒரு வரிசை தேவதாரு உத்தரம், ஒரு வரிசை கல், மறுபடி மரம், மறுபடி கல். நடுவே சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. மூலைகளில் உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொள்கின்றன. இதற்கு 'காட்-குணி' என்று பெயர். நமக்குத் தெரிந்த காஷ்டமும் கோணமும்தான்!

1905 ஏப்ரல் 4 காங்க்ரா பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். நக்கர் கோட்டை நின்றது. எல்லாமே தப்பித்தது என்று சொல்லமாட்டேன். பஞ்சார் பக்கம் செய்னி கோபுரம் மேல்மாடிகளைப் பறிகொடுத்தது. மிச்சம் நிற்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை. கல்லை ஒட்டவைக்கவில்லை, அதனால் பூமி ஆடும்போது கொஞ்சம் நகர்ந்து, உரசி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மூலைப்பூட்டு கலைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது சில ரிசார்ட்டுகளில் கான்கிரீட் தூண் எழுப்பி, செங்கல் அடைத்து, மேலே மரப்பலகையும் கல்தகடும் ஒட்டி 'பாரம்பரியக் கட்டடக்கலை' என்கிறார்கள். இது புலிவேஷம். வேஷத்தையாவது மன்னிக்கலாம், சரிவில் மாடிமேல் மாடி ஏற்றுவதைத்தான் சகிக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் இதே குலு மாவட்டத்து ஆனியில், மழையில் மலை இளகி, பலமாடிக் கட்டடங்கள் சீட்டுக்கட்டாகச் சரிந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மண்ணே போனால் மரவீடும் போகும், வாஸ்தவம். அதற்காக அத்தனை பாரத்தை அங்கே கொண்டுபோய் வைப்பானேன்?

கிராமத்துக்காரர் சிமென்டுக்கு மாறியதை நம் ஊர் ரசிகர்கள் அலுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரு காட்-குணி வீட்டுக்கு எத்தனை தேவதாரு வேண்டும்! காட்டில் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. சிமென்ட் மூட்டையோ லாரியில் வந்து இறங்குகிறது. அவருக்கு வேறு வழியில்லை. பலகை ஒட்டிக் கூடுதல் வாடகை வாங்குகிற ரிசார்ட் முதலாளிக்கு என்ன சாக்கு?

நக்கர் கோட்டையை 1978-ல் அரசே விடுதியாக்கியது. மரப் பால்கனியில் நின்றால் கீழே பியாஸ் பள்ளத்தாக்கு அற்புதமாகத் தெரியும். பார்த்து முடித்ததும் அப்படியே திரும்பி, சுவர் மூலையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்களேன்.