மொரிஸ் மைனருக்கு ஏற்ற ரேடியேட்டர்

1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர் இலங்கையில் இன்றும் ஓடுகிறது, சிலவற்றில் ஜப்பானிய எஞ்சினோடு. அத்தகைய காருக்கு ரேடியேட்டர் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குழாய் வாய்கள்: மேல், கீழ் ஹோஸ்கள் மடங்காமல் புதிய எஞ்சினோடு சேர வேண்டும். தடித்த கோர் நல்லதுதான். ஆனால் விசிறிக்கு இடம் விடாவிட்டால் பயனில்லை. மூடியின் அழுத்தம் ரேடியேட்டர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது.

அடுத்தது, எந்த உலோகம் என்பது. கற்பிட்டி, புத்தளம் கரையோர உப்புக்காற்று அலுமினிய ரேடியேட்டரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். செம்பும் தப்பாது, ஆயினும் பித்தளைத் தொட்டி வைத்த பழைய செம்பு ரேடியேட்டரின் அழகே, ஒழுகினால் ஈயம் பற்றவைத்து மீண்டும் ஓட்டலாம் என்பதுதான். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். எதை வாங்கினாலும் உவர்க் கிணற்று நீரை ஊற்றக்கூடாது. காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலண்டே ஏற்றது.